ஒருவர் அகலம்

வரைபடத்தில் இது ஒரு சின்னச் சுருக்கு.
வண்டி நிறுத்தத்தில் தொடங்கி
வண்டி நிறுத்தத்திலேயே முடியும்.
ஒரு கிலோமீட்டருக்கு நூறு மீட்டர் குறைச்சல்.
இதற்காகவா இத்தனை தூரம் என்று
காரைவிட்டு இறங்காதவர்களும் உண்டு.

நான் இங்கே பலகை மாற்றுகிறவள்.
சட்டைப்பையின் மேல் ரோவீனா என்று தைத்திருக்கும்.
வான்கூவர் தீவின் மேற்குக் கரையில்
வருடத்தில் பாதி நாள் மழை வேலைக்கு வரும்.
மீதி நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு
மூடுபனியை அனுப்பிவைக்கும்.

அறுநூற்று நாற்பது பலகைகள்.
எது போய்விட்டது என்று
குதிகாலுக்குத் தெரியும்.
நல்ல பலகை 'டொக்' என்னும்.
உள்ளே ஈரம் இறங்கியது ஒன்றும் சொல்லாது.
ஒன்றும் சொல்லாததைத்தான் கழற்றுவேன்.

செடார் பலகை
செடார் மரங்களுக்கு நடுவே கிடக்கிறது.
நிற்பவை படுத்திருப்பதை
அடையாளம் கண்டதாகத் தெரியவில்லை.
விழுந்த ஹெம்லாக்கின் முதுகில் ஏழு கன்றுகள்,
பேருந்துக்குக் காத்திருப்பதுபோல.
வளைவில் ஒரு கிழட்டுச் செடார்.
என் ஊர்க்காரர் யாரோ
எப்போதோ பட்டை உரித்த நீளத் தழும்பு அதில்.
தழும்பின் இரு கரையிலும் மரம்
இன்னும் தடித்துக்கொண்டிருக்கிறது.

கடல் இங்கிருந்து தெரியாது.
கேட்கும்.
மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள்
மேசையை எங்கே போடுவதென்று முடிவாகாமல்
இழுத்துக்கொண்டே இருப்பதுபோல.

செப்டம்பர். செவ்வாய்க்கிழமை.
சஸ்காட்சுவன் எண்பலகையோடு ஒரு கார்.
இரண்டு மழைக்கோட்டுகள் இறங்கின.
ஒன்று வெளுத்த மஞ்சள்.
மற்றது நீலம், கழுத்துக்குப் பின்னால்
விலைச்சீட்டு ஆடிக்கொண்டிருந்தது.
சண்டையை எந்த ஊரில் ஏற்றிக்கொண்டார்களோ,
இடமா வலமா என்பது அதன் கடைசி வரி.
"அம்பு போட்டிருக்கிறது, ஆர்விட்."
"அம்பு உனக்குத்தான், லெனோர்."
அவள் அம்பின் வழியே போனாள்.
அவர் அதற்கு எதிர்வழியே.

குறுக்கே வெட்டிப்போகும் வேலையாள் தடத்தில்
நான் முன்பே போய்ச் சேர்ந்து
முன்னூற்றுப் பன்னிரண்டைப் பெயர்த்து வைத்திருந்தேன்.
பாதையில் ஒரு பலகை அளவுக்குக் கறுப்பு.
கீழே முழங்கால் ஆழச் சேறு.

மஞ்சள் முதலில் வந்தது.
அவர் வந்தாரா என்று கேட்கவில்லை.
"இது எத்தனை வருஷம் தாங்கும்?"
வெயில் பட்டால் பதினைந்து,
இந்த நிழலில் பத்து என்றேன்.
"எங்களுக்கு நாற்பத்தொன்று" என்றாள்,
நான் கேட்காத கேள்விக்கு.

அப்புறம் நீலம் வந்தது.
ஓட்டைக்கு அந்தப் பக்கம் அவர்,
இந்தப் பக்கம் அவள்,
நடுவில் மண்டியிட்டு நான், வாயில் இரண்டு திருகாணிகள்.
திரும்பிப் போகலாம்.
இருவருக்கும் அது தோன்றியதுதான்.
இருவரும் திரும்பவில்லை.

புதுப் பலகையைச் சும்மா வைத்தேன்.
முடுக்க நேரமில்லை.
திருகாணிக்குப் பதில்
என் இரண்டு உள்ளங்கைகள்.

இந்தப் பாதை ஒருவர் அகலம்.
எதிரே வருகிறவரைத் தாண்ட வேண்டுமானால்
முழங்கையைப் பிடித்தே ஆகவேண்டும்,
முன்பின் தெரியாதவராயினும்.
அவர் பிடித்தார்.
இரண்டு கோட்டுகளும் உரசின, ஈரத்துணிச் சத்தம்.
மெதுவாக, அரைவட்டம்.
என் கைகளுக்கு மேலே நான்கு பூட்ஸ்களின் எடை
இடம் மாறியது.
தாண்டிப்போகும்போது அவள்
அவர் கழுத்துக்குப் பின்னால் கையைவிட்டு
விலைச்சீட்டைப் பிய்த்து
தன் பையில் போட்டுக்கொண்டாள்.

சமாதானம் என்று நான் நினைத்தேன்.
இல்லை.
அவள் அம்பின் வழியே நடந்தாள்.
அவர் எதிர்வழியே நடந்தார்.
ஒருவரும் தலையைத் திருப்பவில்லை.
அவர் மட்டும் நூறடி போனபின்
கழுத்தைத் தடவிப் பார்த்தார்.

நான்கு திருகாணிகளையும் முடுக்கினேன்.
ஏறி நின்று மிதித்தேன்.
'டொக்.'

மூன்று மணிக்கு வண்டி நிறுத்தத்தில்
அந்தக் கார் இன்னும் நின்றது.
கண்ணாடியெல்லாம் உள்ளிருந்து வேர்த்திருந்தது.
ஒன்றும் தெரியவில்லை. பேச்சு மட்டும், அல்லது வானொலி.

இன்னொன்று.
திரும்பி வருகையில் மிதித்துப் பார்த்தேன்:
முன்னூற்றுப் பதின்மூன்றும்
ஒன்றும் சொல்லவில்லை.
நாளைக்கு.