புகார் எண் பதினேழு

அதை எழுதியவள் நான்தான்.
கையெழுத்து மட்டும் ஆறு வீட்டாருடையது.

"வீடு 3-11. இரவு ஒன்றரை. ஸ்பீக்கர்.
மேலிருந்து எறிந்த போத்தலில்
இயாப்பின் காடிக் கண்ணாடி நொறுங்கியது."

சட்டப்பிரிவு எண்ணை
நிர்வாகமே போட்டுக்கொண்டது.
மலாயில் வந்த நோட்டீசைத்
தமிழாக்கியதும் நானே:
பதினான்கு நாளில் காலி செய்க.

ஒட்டப் போனேன்.
கதவைத் திறந்தாள் குமுதவல்லி.
செம்பனைக் குலை பொறுக்கிய கையுறையை
இன்னும் கழற்றவில்லை.
"கண்ணாடி இல்ல, நீங்களே வாசிங்க."

வாசித்தேன்.
'தொல்லை தருபவர்' வந்ததும் நிறுத்தினாள்.
"அது யாரு? நானா, அவனா?"

உள்ளே மகன் குப்புறத் தூங்கினான்.
பகல் பன்னிரண்டு.
ஸ்பீக்கர்மேல் அவளுடைய கைலி காய்ந்தது.

நோட்டீசில் பெயர் இல்லை,
வீட்டு எண்தான் என்றேன்.

"தோட்டத்த வித்தப்பவும்
லயத்துக் கதவுல நம்பர்தான் போட்டு ஒட்டுனாங்க"
என்று செலோடேப்பின் மறுமுனையைப்
பிடித்துக்கொண்டாள்,
தாள் கோணாமல் இருக்க.

பதினைந்தாம் நாள் லாரி வந்தது.
அன்றிரவு பிளாட்டில்
குழாய் சொட்டுவதுகூடக் கேட்டது.

நன்றாகத் தூங்கினேன்.
அதைத்தான்
யாரிடமும் சொல்ல முடியவில்லை.