மிச்சம்

எழுபத்து மூன்று, ஜனவரி. குவோபியோ நகரம்.
உறைந்த ஏரியின் மேல் லாரி போகிற குளிர்.
கசாப்புக்கூடத்தின் பின்வாசலில்
எட்டுப் பன்றி இதயங்களை எண்ணி வாங்கி
வாளியில் பனிக்கட்டி போட்டு மூடி
ஆறே கால் பேருந்தில் ஏறுவாள்
இர்மெலி ஹக்கரைனென்.

"ராத்திரிக்கு என்ன சமையல்?" என்பார் ஓட்டுநர்.
"உங்களுக்கும் மிச்சம் வைக்கிறேன்."
பத்தொன்பது குளிர்காலம் இதே பேச்சு.
பெயர் கேட்டுக்கொண்டதில்லை.

தமனியை மோதிரம் மோதிரமாய் நறுக்கி
இரண்டு கொக்கிகளுக்கு நடுவே மாட்டி
வெதுவெதுப்பான உப்புநீரில் தொங்கவிட்டால்
பன்றி செத்த பிறகும் அது சுருங்கும், தளரும்.
சுழலும் காகிதத்தில் பேனா ஏறி இறங்கும்.
அந்தக் கோட்டைப் பார்த்தபடியே
கம்பு ரொட்டி தின்பாள்.
கணவன் போனில் கத்துவான்.
பிறகு கத்துவதை விட்டான்.
பிறகு கணவனாய் இருப்பதையும்.

முதல் கட்டுரை சொன்னது:
கொழுப்பு வந்து படிகிறது,
சுவர் சும்மா நிற்கிறது.
கோபன்ஹேகனில் கைதட்டினார்கள்.

பதினோரு வருஷம் கழித்து
முயல் ஒன்றின் சாயமேற்றிய சீவலில்
சுவர் சும்மா நிற்கவில்லை.
வெள்ளணுக்களைக் கூவி உள்ளே இழுக்கிறது;
அவை கொழுப்பைத் தின்று தின்று
அங்கேயே உப்பிச் சாகின்றன.
'நான் எழுதியது தவறு' என்று
தன் கையாலேயே எழுதி அனுப்பினாள்.
அதை அச்சிட யாருக்கும் அவசரமில்லை.
நிதிக்குழு இரண்டு தடவை கையை விரித்தது.
மூன்றாம் தடவை, பாதி.

தொண்ணூற்றிரண்டு, மார்ச்.
பேருந்தில் வேறு ஓட்டுநர்.
வாளியைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை.
வியாழனன்று பிணக்கூறு அறையிலிருந்து
ஒரு புட்டி:
எண் 212. ஆண். ஐம்பத்தெட்டு. வண்டி ஓட்டுநர்.
பெயர் இருக்கக் கூடாதென்பது விதி.
ஒரு போன் செய்தால் சொல்லிவிடுவார்கள்.
இந்த மாவட்டத்தில்
வண்டி ஓட்டுகிறவர்கள் எத்தனை ஆயிரம் என்று
கணக்குப் போட்டுக்கொண்டு நின்றாள்.
கத்தி இறங்கியபோது
முட்டையோட்டை மிதித்த சத்தம்.
அன்றைய பக்கத்தில் மட்டும்
கையெழுத்து கோணல்.
அளவுகள் சரி.

ஓய்வு பெறும் வாரம்
அலமாரியைக் காலி செய்து
எல்லா மெழுகுக் கட்டிகளையும் எரிக்கக் கொடுத்தாள்.
ஒன்றைத் தவிர. நகத்தளவு.
அதைக் கோட்டுப் பையில் போட்டதை
யாரும் பார்க்கவில்லை; அதுவும் விதிமீறல்தான்.

பிரிவு விழாவில் கிரீம் கேக்.
இரண்டாவது துண்டுக்குத் தட்டை நீட்டினாள்.
"டாக்டர், உங்கள் தமனி?"
என்று சிரித்தான் புது ஆய்வாளன் ஒருவன்.

"சுவர் சும்மா நிற்காது, பார்த்துக்கொள்ளும்"
என்றாள், வாய் நிறைய.