இடப்பக்கம்

தார்ச்சாலையில் வெள்ளைக்கோடு போடும் வண்டியை
இருபத்தாறு வருடம் ஓட்டியவள் மைமு.
டார்ட்டுவிலிருந்து வோரு வரைக்கும்
நடுக்கோடு அவள் கைக்கோடு.

போன மார்ச்சில் ஒரு காலை
கதவுநிலை வளைந்திருக்கிறது என்றாள்.
ரசமட்டம் எடுத்துவந்து வைத்தேன்.
குமிழி நடுவில் நின்றது.
"அப்படியென்றால் குமிழி பொய் சொல்கிறது" என்றாள்.

மருத்துவர் ரெபானே படம் காட்டினார்.
வலக்கண்ணின் திரைமேல்
ஆறிய பாலில் ஏடு மாதிரி ஒரு சவ்வு,
தான் சுருங்கி
அடியில் இருந்ததையும் இழுத்துச் சுருக்கியிருந்தது.
உரித்துவிடலாம்.
ஆனால்
(அந்த ஆனாலுக்கே நாற்காலியில் முன்னகர்ந்தேன்)
பதினோரு வருடக் கிளாக்கோமா.
இடக்கண்ணில் மிச்சம் ஒரு சாவித்துளை.
வலக்கண்ணின் நரம்பிழைகளோ
பலமுறை அடித்துத் துவைத்த துணி.
ஏட்டை எடுக்கும் விரல் பாலைத் தொடாதா?
நடு நிமிரலாம். ஓரம் உதிரலாம்.
எவ்வளவு என்று கேட்டேன்.
"சிலருக்கு ஒன்றும் ஆவதில்லை. சிலருக்கு ஆகிறது.
நீங்கள் யார் என்று முன்கூட்டி எனக்குத் தெரியாது."

திரும்பும் பேருந்தில் மைமு சொன்னாள்:
"ஓரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய?
நான் கோடு போட்டவள்."

ஜனவரியில்,
நீலச் சாயம் ஏற்றி, இடுக்கியால் நுனி பிடித்து,
நாற்பது நிமிடம்.
வெளியே ஆறு உறைந்து கிடந்தது.
காப்பி இயந்திரம் என் நாணயத்தைத் தின்றுவிட்டது.

ஏழாம் வாரம் கதவு நிமிர்ந்தது.
தூரத்திலேயே பேருந்து எண் படித்தாள்.
மூன்று சொட்டுமருந்துப் புட்டிகளின்
பொடியெழுத்தையும் உரக்கப் படித்தாள்.
என் சட்டையின் கட்டங்களை எண்ணினாள்.

பிறகு கோப்பைகள் உடையத் தொடங்கின,
இடப்பக்கம் வைத்தவை மட்டும்.

ஒளிப்புள்ளி தெரிந்தால் பொத்தானை அழுத்தும் சோதனை.
கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன்.
நெடுநேரம் பொத்தான் சத்தமே இல்லை.
தாளில், மூக்கை ஒட்டிய பக்கம்,
பழைய கறுப்பு இரண்டு விரல் அகலித்திருந்தது.
"வருத்தமா?" என்றார் ரெபானே.
"கதவு நேராக இருக்கிறது" என்றாள் மைமு.
அது பதில்தானா என்று
அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

நாற்பத்தொரு வருடம் அவளுக்கு இடப்பக்கமாகவே நடந்தேன்.
என் இடக்காது மர ஆலையில் போனது;
வலக்காதுக்கு அவள் வேண்டும்.
இப்போது அந்தப் பக்கம் நடந்தால்
கையைப் பிடித்திருக்கும்போதே கேட்கிறாள்:
"யூலோ, எங்கே போய்விட்டாய்?"

அதனால் பக்கம் மாறினேன்.
அவளுக்கு நான் தெரிகிறேன்.
எனக்கு அவள் கேட்பதில்லை.

நேற்று ரீயா தெரு முனையில் நின்றுவிட்டாள்.
ஏதோ சொன்னாள். வழக்கம்போல் தலையாட்டினேன்.
விடவில்லை.
காலரைப் பிடித்து இழுத்து, என்னைத் திருப்பி,
கேட்கிற காதில் சொன்னாள்:
"புதுப் பையன்கள் போட்டிருக்கிறார்கள் பார்.
கோணல்."

குனிந்து பார்த்தேன்.
கோணல்தான்.