ஆடாது

உட்துறைமுக வீதியில் இரண்டு மாடிக் கந்தோர்.
கப்பல் கொம்பனி போனது, பிறகு கூட்டுறவு,
பிறகு புறாக்கள்.
இனி இரத்தம் சுத்திகரிக்கும் நிலையம்.
மேல்மாடியில் எட்டு இயந்திரம்,
இரண்டாயிரம் லீற்றர் தண்ணீர்த் தாங்கி.

கிளாக்கர்மாருக்கென்று வார்த்த தளம்
இவ்வளவு தண்ணீரைக் கனவிலும் கண்டதில்லை
என்று அறிக்கையில் எழுத முடியாது.
'கொள்ளளவு போதாது' என்று எழுதினேன்.

ரமீஸ் பாஸ் கிண்ணியாவிலிருந்து முதல் பஸ்ஸில் வருவார்.
சுத்தியலால் ஒரு தட்டு. காதைச் சாய்ப்பார்.
"கோறை, மிஸ்."
என் கருவியும் அதையே சொல்லும், கொஞ்சம் பிந்தி.
மூன்றாம் தூணில் மட்டும் அவர் பிழைத்தார்.
பழியைக் காற்றில் போட்டார்.

காற்றும் லேசுப்பட்டதல்ல.
கடல் பார்த்த பக்கத்தில்
பூச்சை உரிக்க உரிக்கக் கறள்.
கம்பி வீங்கிக் கொங்கிறீற்றை
உள்ளிருந்தே பிளந்திருந்தது.
கொத்தினோம், புதுக்கம்பி சுற்றினோம்,
தூண் ஒவ்வொன்றுக்கும் நாலங்குலத் தடிப்பில்
சட்டை போட்டோம்.
"பொத்தான் எங்கே?" என்றான் துவாரகன்.

இரும்பு அலுமாரியை நகர்த்திய அன்று
அதன் முதுகுக்குப் பின்னால்
ஒரு தண்டவாளத் துண்டு
நெட்டுக்குத்தாய் நின்று
விட்டத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது.
வரைபடத்தில் இல்லை. பில்லும் இல்லை.
அடியில் பாலை ஆப்பு,
மேலே கந்தோர்ப் பச்சை, மூன்று பூச்சு.
விட்டத்தின் பக்கவாட்டில் பென்சில் எழுத்து:
90 ஆவணி. ஆடாது.

அந்த ஆவணியில்
யார் வெட்டினார், எந்த ஊரடங்கின் இடைவெளியில்
எத்தனை பேர் சுமந்தார்கள்,
கேட்க ஆளில்லை.
கணக்கைப் பார்த்தேன்.
அந்த மூலைச் சுமையில் மூன்றிலொன்று
முப்பது சொச்ச வருசமாய்
அதன் தலையில்.

ஜக் வைத்தோம்.
பாஸ் பம்பை அழுத்த, நான் முள்ளை வாசித்தேன்.
அரை. ஒன்று.
ஒன்றரை மில்லிமீற்றரில்
ஆப்பு தானாய்க் கழன்று விழுந்தது.
வீதியில் ஒரு மான் தலை தூக்கிப் பார்த்தது,
பிறகு சுவரொட்டியை மீதியும் தின்றது.

பழைய இரும்புக்காரர் கிலோவுக்கு விலை சொன்னார்.
கொடுத்தோம். வைக்க இடமில்லை.

கடைசி வரைபடத்தில் அந்த இடத்தில்
புள்ளிக்கோட்டால் ஒரு சதுரம் போட்டேன்:
'அகற்றிய முட்டு, 90 ஆவணி.'
பொறுப்பாளர் பெயர் என்ற கட்டத்தை
வெறுமையாய் விட்டேன்.

கொழும்பிலிருந்து திரும்பி வந்திருக்கிறது,
அந்தக் கட்டத்தில் மட்டும்
சிவப்புக் கேள்விக்குறியோடு.
பதில் இன்னும் எழுதவில்லை.
நாளைக் காலை தண்ணீர்த் தாங்கி மேலே ஏறுகிறது.