தை வரைக்கும்

முந்நூறு மில்லி வட்டம் கேட்டால்
நெடுக்கே முந்நூறு,
குறுக்கே இருநூற்றுத் தொண்ணூற்றெட்டரை.
நீடாமங்கலத்து ஆசாரி ஃபோனில் சொன்னார்:
"வட்டம் கேட்டேன், முட்டை வந்திருக்கு.
அவிக்கவா, பொரிக்கவா?"

நஜ்முதீன் முதலாளி சிரித்தார்.
அந்தச் சிரிப்பு என் பக்கம் திரும்புவதற்குள்
தீர்ந்துபோயிருந்தது.

முதல் சந்தேகம் பிட்டின் மேல். எப்போதும் அப்படித்தான்.
நகத்தில் வைத்து இழுத்தேன்.
சீவ வேண்டியது வழுக்கியது.
தேக்கின் ஓரமெல்லாம் கருகல்.
"மெதுவா ஓட்டுக்கா" என்றான் ஜெயந்தன்.
இல்லை, வேகமாக ஓட்ட வேண்டும்.
நின்று நின்று சுற்றும் பல் வெட்டாது, தேய்க்கும்;
தேய்த்தால் தீயும்.
காலட்டைத் துடைத்து, புது பிட் மாட்டி,
ஓட்டத்தைக் கூட்டினேன்.
தூள் போய்ச் சுருள் சுருளாய் விழுந்தது.
ஓரம் வெண்ணெய்.
முட்டை முட்டையாகவே இருந்தது.

கரண்ட்டாக இருக்குமோ?
மும்முனை வந்ததும் கூத்தாநல்லூரைச் சுற்றியுள்ள
மோட்டார் கொட்டகைகள் ஒன்றாகக் கனைக்கும்,
எங்கள் ஸ்பிண்டில் குரல் இறங்கும்.
ராத்திரி பதினொன்றுக்கு ஓட்டினேன்.
ராத்திரியிலும் முட்டை.

டயல் கேஜை வைத்து
வலப்பக்கம் பத்து போ என்றேன், போனது.
திரும்பி வா என்றேன்.
எட்டரைதான் வந்தது.
ஒன்றரையை எங்கேயோ கைமாற்றாகக் கொடுத்துவிட்டு
ஒன்றும் தெரியாததுபோல் நின்றது.
மூடியைக் கழற்றினால்
பல்சக்கரத்தை மோட்டார் தண்டோடு பிடிக்கும்
நெல்லளவு திருகு தளர்ந்து கிடக்கிறது.
இவ்வளவுதான்.
மூன்று நாள் தூக்கம், இவ்வளவுதான்.

வட்டம் வட்டமானது.
ஆசாரிக்கு ஸ்கேலோடு படம் அனுப்பினேன்.
பதிலுக்கு ஒரு கோழி பொம்மை அனுப்பினார்.

அத்திக்கடை வீட்டுக் கதவை ஏற்றினோம்,
ஏழடி, தாமரைக் கொடி.
ஒரு முனையில் இதழ் ஆழமாய்ப் பள்ளம் பறித்தது,
மறுமுனையில் பூனை கீறியது மாதிரி.
மே மாதம்தான் மேசையைச் சீவிச் சமமாக்கியிருந்தேன்,
தண்ணீர் விட்டால் எந்தப் பக்கம் போவதென்று
குழம்பும் அளவுக்கு.

"மரம் பச்சைக்கா."
மரமே இல்லாமல் ஓட்டிக் காட்டினேன்.
நாலு மூலையில் மூன்று ஒரே பேச்சு.
தென்கிழக்கு மட்டும் ஒரு மில்லிக்குக் கொஞ்சம் குறைய
மேலே நின்று பேசியது.

ஜெயந்தன் தரையைக் காட்டினான்.
சித்திரையில் சிமெண்ட் விரிசலுக்குள்
அவனுடைய பத்து ரூபாய்க் காசு விழுந்துவிட்டது,
குச்சியால் நெம்பினால் உள்ளே கலகலத்துச் சுற்றும்.
இப்போது விரிசலின் உதடு மூடி
காசைக் கவ்விக்கொண்டிருந்தது.
விளிம்பு மட்டும் தெரிந்தது,
அசைத்தால் அசையவில்லை.

ஷெட்டுக்குப் பின்னால் போனேன்.
போன மாதம் ஆடு நடந்த வாய்க்காலில்
கரை தொட்டுத் தண்ணீர்.
தலைப்பில் யாரோ தூவிய நெல்லும் சாமந்தியும்
மதகில் சிக்கிச் சுழன்றன.
அடியில் களிமண்,
எட்டு மாதத் தாகத்துக்குக் குடித்து
வயிறு ஊதிப் படுத்திருக்கிறது.
அதன் முதுகில்தான் நிற்கிறது
என் இயந்திரத்தின் ஒரு கால்.

கொத்தனாரிடம் டியூப் வாங்கி
அந்தத் தண்ணீரையே மொண்டு ஊற்றினேன்.
தான் எவ்வளவு தூக்கியது என்பதை
அது ஒளிக்கவில்லை.
போல்ட்டைக் கால் சுற்று இறக்கி,
கேஜைப் பார்த்து,
இன்னும் கொஞ்சம்,
அதிகம், திரும்ப.
விடியும்போது நாலு மூலையும் ஒரே பேச்சு.
மேசையை மறுபடி அரை மில்லி சீவினேன்.

சுவரில் பென்சிலால்:
ஆனி ஒன்பது. தெ.கி. கால். கால் சுற்று கீழே.
அதன் கீழ் ஒரு வரி காலியாக விட்டேன்.

"இனி பிரச்சினை இல்லையே, தங்கச்சி?"
"தை வரைக்கும் இல்லை பாய்."

"என் காசு?" என்றான் ஜெயந்தன்.
அணை மூடட்டும்.
பங்குனியில் அதுவே வாயைத் திறக்கும்.