ஏணி பிடிக்க ஓர் ஆள்

தாவெத் தொலைபேசியில் கேட்டான்:
"அப்பாவின் கொட்டகைக்கு ஒருமுறை வருகிறாயா, மைரே?
எது ரேடியோ, எது குப்பை, எனக்குத் தெரியாது."
விவாகரத்தாகி ஒன்பது ஆண்டில்
அவன் என்னிடம் கேட்கும் இரண்டாவது உதவி.

குரெசாரெயிலிருந்து காலைப் பேருந்து.
ஜன்னலுக்கு வெளியே ஜூனிப்பர் புதர்கள்,
பனிக்குள் இடுப்பளவு நின்றன.
முன்னாள் மாமனார் என்று சொல்லிப் பார்த்தேன்.
எஞ்சின் இரைச்சலிலும் அது பொய்யாகவே கேட்டது.
கணவன் முன்னாள் ஆகலாம். ஆகிவிட்டான்.
மாமனாருக்கு யார் தீர்ப்பு எழுதினார்கள்?

ஹில்லார் சோவியத் காலத்தில் உரிமம் வாங்கியவர்.
அன்று காற்றில் பேசத் துணிந்தவை மூன்றே என்பார்:
பெயர், வானிலை, கருவி.
மற்றதெல்லாம் யாரோ எங்கோ எழுதிக்கொள்வார்கள்.
நாடு விடுதலையாகி முப்பது ஆண்டு போயும்
அவர் வாய் விடுதலையாகவில்லை.

நான் பெட்டியோடு வெளியேறிய வாரம்
வாடகை அறைக்கு அவர் அழைப்பு வந்தது.
"ஹில்லார் பேசுகிறேன்.
வடமேற்குக் காற்று.
பனி ஏறி ஏரியல் தொய்ந்துவிட்டது,
ஞாயிறன்று ஏணி பிடிக்க ஆள் இல்லை."
போனேன்.
மகன் அடுத்த அறையில்தான் தூங்கிக்கொண்டிருந்தான்,
ஆறடி இரண்டங்குலம்,
எந்த ஏணியையும் ஒற்றைக் கையால் பிடிக்கக்கூடியவன்.

அதன்பிறகு எல்லா ஞாயிறும்
ஏதாவது ஒன்று தொய்ந்தது.

மாலையில் பேருந்து நிறுத்தம்வரை வருவார்.
விடைபெறச் சொற்கள் கிடையாது.
தகரக் கம்பத்தில் நகத்தால் தட்டுவார்:
நெடில் நெடில் குறில் குறில் குறில்,
குறில் குறில் குறில் நெடில் நெடில்.
எழுபத்து மூன்று. அவர்கள் பாஷையில் வாழ்த்து.
முன்னிருந்து கேட்டாலும் பின்னிருந்து கேட்டாலும் ஒன்றே,
வந்தவளுக்கும் போகிறவளுக்கும்.

கொட்டகை முன்பு சவுனாவாக இருந்தது.
இன்னும் புகை மணம்.
சுவரெங்கும் அஞ்சலட்டைகள்,
பெருவிலிருந்து, பிஜியிலிருந்து,
பெயர் மாறிப்போன நாடுகளிலிருந்து.
அவரோ தீவைத் தாண்டியது மூன்று முறை:
ஒன்று பட்டாளம்,
ஒன்று கடைவாய்ப் பல்,
ஒன்று தங்கையின் அடக்கம்.

பதிவேட்டை எடுத்தேன்.
கேவலம்தான், ஆனாலும் தேடினேன்,
நீதிமன்றத்தில் நாங்கள் கையெழுத்திட்ட தேதியை.
பிப்ரவரி பதினேழு.
ஒரு வெற்று வரி இருக்கும் என்று நினைத்தேன்,
அல்லது "ஒன்றும் கேட்கவில்லை" என்று.
இருந்தது:
தியெர்ரா தெல் ஃபுவேகோ, பதினெட்டு நிமிடம்,
பக்கத்தில் மூன்று ஆச்சரியக்குறிகள்.
நாற்பது ஆண்டுப் பதிவில் வேறெங்கும் அந்தக் குறி இல்லை.

கோபம் வந்தது.
பலகையில் உட்கார்ந்து
டப்பாவில் மிஞ்சிய ஒரு புதினா மிட்டாயை
வாயில் போட்டுக்கொண்டேன்.
சரி.
கிழவருக்கு அன்று உலகத்தின் கடைசி முனை கேட்டிருக்கிறது.
அந்தத் தேதியில் யாருக்காவது
நல்ல நாளாக இருந்திருக்கிறதே.

தாவெத் பைன் மரத்தில் ஏறினான்.
நான் கீழே.
பழக்கம்: இடக்கால் முன்னே, கன்னம் மரச்சட்டத்தில்.
முடிச்சு அவிழ்ந்து கம்பி பனியில் விழுந்தது,
சத்தமே இல்லை.
நாற்பத்தோரு மீட்டர்.
சுருட்டியபின் ஒரு பூனையின் எடைகூட இல்லை.

"காற்று தெற்கே திரும்புகிறது"
என்றான் மேலிருந்து,
எங்கோ பார்த்தபடி.
அந்தக் குரலை நிமிர்ந்து பார்க்க
எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

இறங்கியதும் மறுபடி கேட்டான்:
இதில் உனக்கு எது வேண்டும்?
ஏணி, என்றேன்.
பேருந்தில் ஏற்றமாட்டார்களே.
தெரியும், என்றேன்.
ஞாயிறன்று வந்து எடுத்துக்கொள்கிறேன்.