கறைப் பிரிவு

பதூமிக் கடற்கரையின் அந்தப் பெரிய ஓட்டலில்
தரைக்குக் கீழே இரண்டாம் தளம்.
கடல் தெரியாது.
கடல் பார்க்கும் அறைகளின்
விரிப்புகள் மட்டும் வந்து குவியும்.

சிவப்பு ஒயினுக்கு உப்பு, பிறகு கொதிநீர்.
மாதுளைக்கு வினிகர்.
உதட்டுச் சாயத்துக்குச் சாராயம் தொட்ட பஞ்சு.
ரத்தத்துக்குப் பச்சைத் தண்ணீர்தான்; சூடு பட்டால்
உறைந்து உட்கார்ந்துகொள்ளும்.
பார்த்தவுடன் சொல்லிவிடுவோம்,
அறுநூற்றுப் பதினாலில் சண்டை,
முந்நூற்று இரண்டில் சமாதானம்.
பதினொரு வருஷம் எனக்கு.
மக்வாலாவுக்கு ஒன்பது.

வீட்டில் அவள் என்ன செய்கிறாள் என்று
யாருக்கும் தெரியாது, அந்தப் புதன்கிழமை வரை.
வெள்ளைச் சட்டையின்
இடது தோளிலிருந்து இறங்கி வந்தது ஒரு முட்கொடி,
முழுக்க முழுக்கக் கரும்பழங்கள்.
ஒவ்வொரு மணியிலும் ஊசிமுனை அளவு வெள்ளை,
வெயில் பட்டதுபோல.
மக்வாலி என்போம் எங்கள் மொழியில்;
அதைத்தான் கொஞ்சம் திருத்தி
அவளுக்குப் பெயராக வைத்திருந்தார்கள்.

கடையிலா வாங்கினாய்?
சட்டையை மட்டும்.
சமையல் மேசையில், துணிக்குள்
ஒரு பீட்சா அட்டையைச் செருகிக்கொண்டு
(இல்லாவிட்டால் நெஞ்சில் வரைந்தது முதுகுக்கும் போய்விடும்)
மூன்று இரவு.
"நாளெல்லாம் எடுக்கிறோம்.
ராத்திரியாவது ஒன்றைப் போட்டுப் பார்க்கலாமே."

சீருடைக்கு மாறினாள்,
சட்டையை ஆணியில் மாட்டிவிட்டுப் போனாள்.

மதியம் எடுத்தது நான்தான்.
கல்யாணக் கூட்டம், இருநூற்று நாற்பது பேர்,
கூடை கூடையாய் வந்துகொண்டிருந்தது.
தரையில் விழுந்து கிடந்ததா
ஆணியிலிருந்தே எடுத்தேனா
இன்றுவரை நிச்சயமில்லை.
கண் பார்க்கவில்லை. கை பார்த்தது:
வெள்ளைத் துணி, கருஞ்சிவப்பு, தோள்பக்கம்.
கைக்குத் தெரிந்தது ஒன்றுதான்.
தொட்டியில் ப்ளீச்.

ஒரு சிகரெட் நேரம்.
ஓடிவந்து தூக்கியபோது
கீழே ஆறேழு பழங்கள்
கறுப்பிலிருந்து சிவப்புக்கு வந்திருந்தன.
இரண்டு வெளிறிப்போய்.
தொட்டி விளிம்பில் தொங்கியவை மட்டும் அப்படியே.

சம்பளத்தில் பிடித்துக்கொள் என்றேன்,
அவளென்னவோ முதலாளி மாதிரி.
"இஸ்திரி போட்டேனே" என்றாள் முதலில்.
"உள்பக்கம் திருப்பி, ஐந்து நிமிஷம்,
சாயம் நிற்கட்டும் என்று.
தண்ணீருக்கு நிற்கும். உனக்கு நிற்குமா?"

பிறகு விளக்கடியில் பிடித்துப் பார்த்தாள்
நெடுநேரம், அறை எண் தேடுவதுபோல.
"எல்லாம் கறுக்க ஆகஸ்ட் முடியணும்.
இப்போது ஜூலைதானே, எத்தேரி.
கொடியென்றால் காயும் இருக்கணும்.
எனக்குத் தோணவே இல்லை பார்."

அன்று மாலை
பேருந்தில் அவள் என் பக்கத்தில் உட்காரவில்லை
என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அடுத்த சம்பளத்தில்
துணிச் சாயம் மூன்று புட்டி வாங்கினேன்,
அவளுக்காகத்தான்.
ஒன்றை நானே திறந்துவிட்டேன்.
ஏப்ரன் ஓரத்தில் ஓர் இலை போட்டேன்.
இலை என்று நான்தான் சொல்லிக்கொள்ள வேண்டும்.
மக்வாலா குனிந்து பார்த்தாள்,
விரலால் ஒருமுறை சுரண்டிப் பார்த்தாள்,
வினிகர் வேண்டுமா என்று கேட்டாள்.